உழுது மட்டும் போட்ட நிலம்

டீ தம்ளர்களை அடுக்கிய தட்டோடு கூடத்துக்குள் காலை வைத்தபோதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. கொட்டகைப் பக்கமிருந்து முதலில் ஒரு இருமல், பிறகு இன்னொன்று, அப்புறம் எஞ்சின் தடதடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. அன்றிலிருந்து அவருடைய பழைய டிராக்டரை யாரும் தொடவில்லை. காலையில் அதைக் கிளப்பிவிட்டு, "கிழவன் எந்திரிச்சுட்டான்டி" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். இன்றைக்கு எழுப்பியது யார்?

கூடத்தில் இருந்தவர்களுக்கு அது காதிலேயே ஏறவில்லை. அவரைப் பற்றிப் பேசத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். பேச்சும் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

"மனுஷன் தனக்குன்னு ஒரு நல்ல செருப்பு வாங்கியிருப்பாரா? எல்லாம் புள்ளைங்களுக்கு, பொண்டாட்டிக்கு. காய்ச்சல்னு படுத்து நான் பாத்ததே இல்ல" என்றார் உரக்கடைக்காரர்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரிவுக்குக் கீழ அந்தத் துண்டு நிலத்தை உழுது உழுது சும்மாவே போட்டு வெச்சிருப்பான் என் தம்பி. ஏன்டான்னு கேட்டா, மண்ணுக்கும் ஓய்வு வேணாமாக்கான்னு சிரிப்பான். மண்ணு மேலயும் அவ்வளவு பாசம்."

பாசமாவது ஒன்றாவது! அந்தத் துண்டு நிலம் எதற்கென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கிழவனுக்கு பிரேக் கிடையாது. பல வருஷமாகவே கிடையாது. மகனின் படிப்பு முடியட்டும் என்றார், மகளின் கல்யாணம் முடியட்டும் என்றார், அப்புறம் உன் கண் ஆபரேஷன் முடியட்டும் என்றார். ஒவ்வொரு அறுவடைப் பணத்துக்கும் பிரேக்குக்கு முன்னால் வீட்டில் யாராவது ஒருவரின் செலவு வந்து நின்றுவிடும். அவரும் அதற்கேற்றபடி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். மேட்டிலிருந்து முதல் கியரில் இறங்கி, கீழே பொலபொலவென்று உழுது போட்ட மண்ணுக்குள் வண்டியை விட்டுவிடுவார். சக்கரம் புதைந்து, கிழவன் முனகிக்கொண்டே நின்றுவிடுவான். அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால். "பசங்க காதுல போட்றாத. வண்டியையும் வித்துடுவானுங்க, என்னையும் வீட்டுல உக்கார வெச்சுடுவானுங்க" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

நேற்று மகன் அந்த நிலத்தைத்தான் ரோலர் விட்டு இறுக்கினான். அப்பாவைப் பற்றிப் பேச இத்தனை பேர் வருகிறார்களே, கார்களை எங்கே நிறுத்துவார்கள்? நல்ல எண்ணம்தான். அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்க வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள். வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் வரப்போகிறது, அதுவரை யார் தொடப்போகிறார்கள், செத்த மனுஷனின் குட்டை எதற்கு உடைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள். சாவியைக்கூட அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அந்த வண்டிக்குச் சாவியா வேண்டும், ஒரு ஆணி போதுமே!

"எங்கம்மா உன் வீட்டுக்காரன்?" என்று மருமகளைக் கேட்டாள்.

"பசங்களை ஏத்திக்கிட்டு மேட்டுக்குப் போனாரு அத்தை. தாத்தா மாதிரி ஒரு சுத்து சுத்தணும்னு ரெண்டும் ஒரே அடம்."

தட்டு எங்கே விழுந்தது, யார் காலில் டீ கொட்டியது, எதுவும் அவளுக்குத் தெரியாது. வாசலில் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள். அவர் போன அன்றுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்கு நடந்தது நடந்து முடிந்திருந்தது. இது இன்னும் நடக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. 'ஐயோ, உங்களுக்கு ஒரு பிரேக் போட்டுக்கத் துப்பில்லையா? நாங்க கேட்டோமா, எங்களுக்கே எல்லாம் செய்யுங்கன்னு?' என்று அவரை வாய்விட்டே திட்டினாள். நாற்பது வருஷத்தில் அவரை அவள் திட்டியது அதுதான் முதல் தடவை.

சரிவின் பாதியில் மூச்சு முட்டி நின்றாள். உச்சியில் டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு மட்கார்டுகளிலும் பெரியவள் ஒரு பக்கம், சின்னவன் ஒரு பக்கம். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினாள். மகன் அவளைப் பார்த்துவிட்டான். சிரித்துக்கொண்டே அவனும் கையை ஆட்டினான். குழந்தைகளும் ஆட்டினார்கள்.

"வராத! அங்கயே நில்லுடா!"

எஞ்சின் சத்தத்தில் எது கேட்கும்? வண்டி இறங்க ஆரம்பித்தது. மெதுவாகத்தான் வந்தது, பிறகு அவ்வளவு மெதுவாக இல்லை. அவன் கால் அழுந்துவதை அவள் பார்த்தாள். எடுத்து மறுபடி அழுத்தினான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. வண்டி அவளை நெருங்கியிருந்தது.

"பிரேக் பிடிக்கலம்மா!"

"கிளட்ச்ச மிதிக்காத, இன்னும் வேகமா ஓடும்! காலை எடு!" பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு மேல் முற்றி நின்றது மக்காச்சோளம். நேற்றுதான் தண்ணீர் பாய்ந்த நிலம். "சோளத்துக்குள்ள விடு! சோளத்துக்குள்ள விடுடா!"

அவன் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். சின்ன வயதில் பயிரை மிதித்ததற்காகத்தான் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறான், வேறு எதற்கும் வாங்கியதில்லை. அதிலும் இது அவர் கடைசியாக விதைத்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் கை ஸ்டீயரிங்கில் அப்படியே நின்றது.

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாருடா!"

வண்டி திரும்பியது. தட்டைகள் படபடவென்று முறிய, முதலில் முன்சக்கரம் மறைந்தது, பிறகு அவன் தலை மறைந்தது, குழந்தைகள் மறைந்தார்கள். உள்ளே எங்கேயோ கிழவன் இருமினான். அப்புறம் அதுவும் இல்லை.

வண்டி நுழைந்த இடத்தில் ஒரு பெரிய வாய் திறந்திருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். கூப்பிடத் தைரியம் வரவில்லை. யாராவது அழுங்களேன், கண்ணுங்களா, அழுதுடுங்களேன் என்று உதடு மட்டும் அசைந்தது.

உள்ளிருந்து ஒரு அழுகை கேட்டது. சின்னவன்.

அவள் இன்னொரு குரலுக்காகக் காத்திருந்தாள். காற்றே இல்லை. ஆனால் வெகு உள்ளே, ஒரே ஒரு இடத்தில், சோளப் பூக்கள் அசைந்தன. அசைவு நின்றது. மறுபடி, தட்டைகளை யாரோ விலக்கிக்கொண்டு வருவது போல, கொஞ்சம் இந்தப் பக்கமாக அசைந்தன.