பொத்தல் விழுந்த கோடு

செல்லூரில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்குப் பொத்தலைக் கண்டால் கை சும்மா இருக்காது. நாகஜோதியின் வீட்டில் இரண்டு விசைத்தறி. நெய்து இறங்கும் துணியை வெளிச்சத்தில் விரித்து, இழை விட்டுப்போன இடத்தை ஊசியால் அடைப்பது பள்ளிக்காலம் முதலே அவள் வேலை. கல்லூரியின் முதல் கணக்குத் தேர்விலும் அந்தப் புத்தியைத்தான் காட்டினாள். வரைபடக் கோட்டின் நடுவே சின்னதாய் ஒரு வெற்று வட்டம். அச்சுப் பிசகு என்று நினைத்துப் பேனாவால் நிரப்பிவிட்டாள்!

இருபத்தைந்துக்கு ஆறு வந்தது. கணக்கு வேண்டாம், வரலாற்றுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கடிதம் எழுதிவிட்டாள். இன்று மூன்று மணிக்குள் ஆபீசில் கொடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து கணக்கென்றால் உயிர் அவளுக்கு. மடித்த கடிதத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்படி என்னத்தடி தப்பா எழுதுன?" என்று விடைத்தாளைப் பிடுங்கினாள் பேரையூரிலிருந்து பஸ் ஏறி வரும் வகுப்புத் தோழி தமிழ்ச்செல்வி.

"ரெண்டுல மதிப்பு என்னன்னு கேட்டாக. மூணுன்னேன், தப்பாம். ரெண்டுல எல்லை, அதான் லிமிட், என்னன்னு கேட்டாக. அதுக்கும் மூணுன்னேன், சரியாம்! இது என்னடி நியாயம்?"

"வட்டம் காலியா இருந்தா அங்கன புள்ளியே இல்லன்னு அர்த்தம்டி. நீ பாட்டுக்கு அடைச்சு வச்சிருக்க."

"புள்ளியே இல்லன்னா எல்லை மட்டும் எப்படி மூணு?"

தமிழ்ச்செல்வி விடைத்தாளை அவளிடமே திருப்பி நீட்டினாள்.

நாகஜோதி அடுத்த படத்தைப் பார்த்தாள். கோட்டில் அதே உயரத்தில் பொத்தல். புள்ளி மட்டும் தனியாக மேலே ஐந்தில் போய் உட்கார்ந்திருந்தது. இடப்பக்கமிருந்து ஒரு விரலையும் வலப்பக்கமிருந்து ஒரு விரலையும் கோட்டின்மேல் நகர்த்தினாள். இரண்டும் மூன்றைத்தான் நெருங்கின; அப்படி நெருங்கும் உயரம்தான் எல்லை. ஐந்தில் இருந்தவனை யாரும் சட்டை செய்யவில்லை.

அவளுக்குப் பிடிபட்டது. பொத்தலை அடைத்தாலும் விட்டாலும், புள்ளியைத் தூக்கி எங்கே வைத்தாலும் எல்லை அசையாது. அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் எங்கே வந்து சேர வேண்டும் என்று இருபுறமும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் அவள் ஊசிக்கு, இல்லாத இழையின் இடத்தைப் பக்கத்து இழைகள்தானே காட்டிக்கொடுத்தன!

"இம்புட்டு அழகாடி இது?" கண் கலங்கிவிட்டது.

"மணி ரெண்டே முக்கால். கடுதாசி குடுக்கப் போறியா, இல்லையா?"

நாகஜோதியின் காதில் விழவில்லை. கையிலிருந்த தாளைத் திருப்பி ஒரு கோடு இழுத்தாள். நடுவே சின்னதாய் ஒரு வட்டம் போட்டாள்.

"அடிப்பாவி, அது அந்தக் கடுதாசிடி!"

"இருக்கட்டும்," என்றாள். வட்டத்தை நிரப்பச் சொல்லிக் கை பரபரத்தது. பேனாவை மூடி வைத்தாள்.