பாட்டிலுக்குள் குடிபோனவர்

தையல்கார அம்மாவின் கணவர் பிராந்தி பாட்டிலுக்குள் குடிபோய் ஏழு வருடம் ஆகியிருந்தபோது, அவர்களுடைய மகள் அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து உல்லாசக் கப்பலில் டிக்கெட் எடுத்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அந்தக் கணவர், ஏழு வருடத்துக்கு முன் ஒரு மாலை வழக்கம்போல முக்கால் பாட்டிலை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே, "பேசாம அந்தப் பாட்டிலுக்குள்ளயே போய் உக்காந்துக்க வேண்டியதுதானே" என்றார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொன்ன ஒரு காரியத்தை அவர் உடனடியாகச் செய்தது அந்த ஒருமுறைதான். அம்மா நிமிர்ந்து பார்த்தபோது செருப்பு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அவர் பாட்டிலுக்குள், மிச்சமிருந்த கால் பாட்டில் பிராந்தியில் இடுப்பளவு நனைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் குழிகளுக்குள் மடங்கிக் கிடந்தே காலம் தள்ளியவர் என்பதால் இடம் போதவில்லை என்று அவர் ஒருநாளும் முனகவில்லை.

மருத்துவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினார். கவலைப்பட ஒன்றுமில்லை, காற்றோட்டத்துக்கு மூடியைத் தளர்த்தியே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே குடிப்பதும் வியர்ப்பதும் சரிக்குச் சரியாக இருந்ததால் பிராந்தியின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் வருடம் அந்த அம்மா வெளியே வரச் சொல்லிக் கெஞ்சினார், அடுத்த வருடம் திட்டினார், அதற்கடுத்த வருடம் பாட்டிலைத் தையல் மெஷின் பலகையில், பாபின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். மெஷின் ஓடும்போதெல்லாம் பிராந்தியில் சின்னச் சின்ன அலை எழும்பும், அந்த ஆட்டத்தில் அவர் சொக்கிப்போய்த் தூங்குவார். முன்பு வீட்டில் ஒரு மணி நேரம் கால் பாவாத மனிதர், இப்போது எந்நேரமும் கண்முன்னால் இருந்தார், சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்க ஆள் கிடைத்ததும் அந்த அம்மாவும் பேசக் கற்றுக்கொண்டார். புருஷன் வீடு தங்குவதே இல்லை என்று அலுத்துக்கொள்ளும் அக்கம்பக்கத்துப் பெண்கள், ஜாக்கெட் வாங்க வரும்போது பாட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள்.

வெளியூரில் வேலை பார்த்த மகள் மட்டும் இதை ஏற்கவில்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவள் எடுத்த நாலு நாள் கப்பல் பயணத்துக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. "அப்பாவால வேடிக்கை பாக்காம இருக்க முடியாதும்மா. கடலைப் பாத்தாருன்னா தானா வெளிய வந்துடுவாரு" என்று போனில் சொன்னாள். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் துண்டில் சுற்றிக் கைப்பையில் பாட்டிலை வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் வரிசையில் நின்றார்.

வெளியிலிருந்து மது கொண்டுவரக் கூடாது என்பது அந்தக் கப்பலின் விதி. கப்பலுக்குள் விற்கும் விலையைப் பார்த்தவர்கள் யாரும் அந்த விதியை மனப்பூர்வமாக மதித்ததில்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் ஷாம்பூ புட்டியிலும் வெந்நீர்ப் பையிலும் குடைக் கம்புக்குள்ளும் எதையாவது ஒளித்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றவர் வாய் கொப்பளிக்கும் மருந்துப் புட்டியில் விஸ்கியை ஊற்றிப் பச்சைச் சாயம் கலந்து எடுத்துவந்திருந்தார். மருந்துதானா என்று கொப்பளித்துக் காட்டச் சொன்னார்கள். நன்றாகவே கொப்பளித்தார், துப்பத்தான் மனம் வரவில்லை. அந்தக் கணத்திலிருந்து பயணம் முழுக்க அவருக்குக் கொப்பளிப்பார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்து அந்த அம்மாவின் கைப்பை சோதனை இயந்திரத்துக்குள் போனது. திரையில் பாட்டில் தெரிந்தது, பாட்டிலுக்குள் எலும்பும் பல்லுமாக ஒரு மனிதர் தெரிந்தார். பாதுகாப்பு அதிகாரி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். டிக்கெட்டில் இருந்த போட்டோவையும் உள்ளே இருந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியானார்.

"சார் பயணி, அவர் வரலாம். பாட்டில்தான் வரக்கூடாது" என்றார்.

"அவர் பாட்டில்லதானே இருக்காரு."

"அப்ப வெளிய வரச் சொல்லுங்க."

"ஏழு வருஷமா அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். நீங்க வேணா ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாட்டில் வாயில் குனிந்து, வெளியே வரும்படி விதிப்படி கேட்டுக்கொண்டார். உள்ளிருந்து தகரக் குழாயில் பேசுவது போன்ற குரல் வந்தது. "வந்தா உங்க பிரச்சினை தீந்துடும் சார். எனக்குத்தான் ஆரம்பிக்கும்." பின்னால் நின்ற வரிசை நீண்டுகொண்டே போனது. கேப்டனைக் கேட்டார்கள். பறிமுதல் செய்யும் மதுவைக் கப்பலிலேயே ஓர் அறையில் பூட்டி வைத்து, இறங்கும்போது கொடுத்தபடியே திருப்பித் தருவதுதான் வழக்கம், இதையும் அப்படியே செய்யுங்கள் என்றார் கேப்டன். பிராந்தி கால் பாட்டில், உள்ளே ஒருவர் என்று ரசீது எழுதிக் கொடுத்தார்கள். கணவர் கப்பலின் அடித்தட்டுக்குப் போனார், மனைவி ஏழாவது தட்டில் இரட்டைக் கட்டில் போட்ட அறைக்குப் போனார்.

பறிமுதல் அறையில் நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை பாட்டில்கள் அடுக்கியிருந்தன. இப்படி ஓர் அறையை அவர் தன் வாழ்நாளில் எத்தனையோ முறை நினைத்து ஏங்கியிருக்கிறார். அதிலேயே இருந்து பார்த்தபோதுதான் அதன் வெறுமை புரிந்தது. அத்தனை பாட்டில்களில் ஒன்றிலும் ஆள் இல்லை. பேச்சுத் துணைக்கு அறைப் பொறுப்பாளர் ஒருவர்தான். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர் என்பதற்காகவே அந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர் அவர். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த கதையை மெதுவாகச் சொல்லிக்கொண்டே பாட்டில்களைத் துடைப்பார். முதல் இரண்டு நாளும் மனைவி காலையிலும் மாலையிலும் இறங்கிவந்து, பாட்டிலை எடுத்து வட்டச் சன்னலில் வைத்துக் கடலைக் காட்டினார். கணவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. தண்ணி கொஞ்சம் அதிகம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முழங்காலைக் கட்டிக்கொண்டார். மகளின் திட்டம் அத்தோடு முடிந்தது.

மூன்றாம் நாள் அந்த அம்மா கீழே இறங்கவில்லை. மேல்தட்டில் ஒரு பெண்ணின் கவுன் இடுப்பில் பிரிந்துபோக, கையோடு வைத்திருந்த ஊசி நூலால் நின்ற நிலையிலேயே தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நடன வகுப்பில் நிறுத்திவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன வாய் சொல்லிக்கொண்டே இருக்க, கால் அதுபாட்டுக்கு ஆடத் தொடங்கியது. முப்பது வருடமாக மெஷின் மிதித்த கால், தாளம் தப்புமா? நடன ஆசிரியை அசந்துபோனாள். ஜோடி இல்லாமல் நின்ற கொப்பளிப்பார் மரியாதையாகக் கை நீட்டினார்.

கீழே கணவர் பாட்டில் சுவரைத் தட்டினார். "அண்ணே, அவ இன்னும் வரலியே?"

"மேல டான்ஸ் கிளாஸ் நடக்குது. அங்க இருக்காங்க."

"வேடிக்கை பாக்கவா?"

"ஆடுறாங்க."

"தனியாவா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத பொறுப்பாளர், ஏற்கெனவே துடைத்த ஒரு பாட்டிலை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். தக்கை கழன்றது போல் ஒரு சத்தம் கேட்டது. முதலில் தலை, பிறகு ஒரு தோள், பிறகு ஆள். தரையில் கால் படுவதற்குள் அவர் பழைய உயரத்துக்கு வந்துவிட்டார். கால் பாட்டில் பிராந்தி முழுவதையும் சட்டையும் பேண்ட்டும் உறிஞ்சியிருந்தன. வெறுங்காலோடு, ஒரு சொட்டும் சிந்தாமல் லிஃப்டில் ஏறினார். லிஃப்டின் இடப்பக்கத் தண்டவாளம் உரசுவது அவர் காதில் விழத்தான் செய்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் பொருட்படுத்தாமல் போனார்.

மேல்தட்டில் அவரைப் பார்த்ததும் கொப்பளிப்பார் கையை விட்டுவிட்டார். ஆனால் அந்த வாசனையை விட்டுத் தள்ளிப்போக அவருக்கு மனம் வரவில்லை, அங்கேயே நின்றார்.

"யாரைக் கேட்டு வெளிய வந்தீங்க?" என்றார் அந்த அம்மா.

"நீதானே ஏழு வருஷமாக் கூப்பிட்டே?"

"கூப்பிட்டப்ப வரல. இப்ப நான் கூப்பிடல. வந்து நிக்கிறீங்க."

பாட்டு இன்னும் முடியவில்லை என்று சொல்லி அந்த அம்மா மிச்சத்தையும் ஆடி முடித்தார். கணவர் கைப்பிடிக் கம்பியோரம் ஒதுங்கி நின்று, தன் மனைவிக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். பாட்டு முடிந்ததும் அருகில் வந்த அம்மா, அவருடைய காலரைப் புரட்டிப் பார்த்து, "எப்படி நைஞ்சு போச்சு பாருங்க" என்று அதை நீவிவிட்டார். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அறை நாறக் கூடாது என்று ஈரத் துணிகளை ஒரு வாளியில் போட்டு மூடிவைத்தார் அந்த அம்மா.

இறங்கும் நாளன்று காலியான பாட்டிலைப் பார்த்துப் பாதுகாப்பு அதிகாரி கொதித்துப்போனார். கொடுத்தபடி திருப்பித் தராவிட்டால் பொறுப்பாளருக்கு வேலை போய்விடும். பிராந்தியைக் குடித்தது நீதானே என்று கேட்டார், ஆளையும் சேர்த்தா விழுங்கினாய் என்றும் கேட்டார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த மனிதர் பாட்டில் துடைக்கும் துணியை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் முன்னால் வந்து, "நான்தான் சார் அந்த ஆளு" என்றார். "நீங்க பயணி. பயணிங்க இறங்க அந்தப் பக்கம் வரிசை இருக்கு. எனக்குப் பாட்டில்ல இருந்தவர்தான் வேணும்" என்றார் அதிகாரி.

வாளி வந்தது. கணவரும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சட்டையைப் பிழிந்தார்கள், பேண்ட்டைப் பிழிந்தார்கள், கடைசியாகக் கைக்குட்டையையும் பிழிந்தார்கள். பிராந்தி பழைய அளவுக்குச் சரியாக வந்தது, கூடவே ஒரு பித்தானும் விழுந்தது. ஆள்தான் பாக்கி. கணவர் மூச்சை இழுத்துப் பிடித்துக் காலை வைத்தார். பெருவிரல் மட்டும் நுழைந்தது. எவ்வளவோ முயன்றும் அதற்கு மேல் போகவில்லை. உள்ளே போக உடம்பு சுருங்கினால் போதாது, வெளியே இருக்கப் பிடிக்காமலும் இருக்க வேண்டும். நேற்றிலிருந்து அவருக்கு வெளியே பிடித்துப்போயிருந்தது. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தள்ளுங்க" என்றார் அந்த அம்மா. கைப்பையைக் கணவரிடம் கொடுத்தார், மூக்குக் கண்ணாடியைக் கெட்டியாகப் போட்டுக்கொண்டார், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் உள்ளே இறங்கிவிட்டார். அதிகாரி குனிந்து பார்த்தார். ரசீதில் ஒருவர் என்றுதான் இருந்தது, ஆணா பெண்ணா என்று இல்லை. கையெழுத்துப் போட்டுப் பாட்டிலைக் கணவரிடம் ஒப்படைத்தார். பொறுப்பாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெளியே காத்திருந்த மகள், அப்பா தனியாக நடந்துவருவதைப் பார்த்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகுதான் பாட்டிலைப் பார்த்தாள்.

"அம்மா! நீ ஏம்மா உள்ள?"

"ஒண்ணுமில்லடி. இடுப்புல லேசாப் பிடிக்குது. மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

"வெளிய வாம்மா, கார் நிக்குது."

"இருடி. கல்யாணம் ஆனதுலருந்து இன்னைக்குத்தான் யாரும் எங்கிட்ட துணி நாளைக்கே வேணும்னு கேக்கல. கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போனது. கணவர் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. மனைவி குளிக்கும் இடத்தில் கைவைப்பது முறையல்ல என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டார். லிஃப்ட் வேலைக்குப் போய்வந்த நேரம் போக மெஷினில் உட்கார்ந்து முதலில் பித்தான் கட்டினார், பிறகு காஜா எடுத்தார், பிறகு நேர்த்தையலும் வந்தது. கோணலாகப் போனால் பாட்டிலுக்குள்ளிருந்து ஒரு செருமல் வரும், பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். பள்ளிகள் திறக்கும் சமயத்தில் சீருடை வேலை தலைக்கு மேல் போனால் அந்த அம்மா வெளியே வந்து தைத்துக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். தெருவில் இதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. துணியோடு வருகிறவர்கள் பாட்டிலைப் பார்த்து, "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கையைத் தூக்கி நிற்கிறார்கள். டேப்பைக் கணவர் சும்மா பிடித்துக்கொண்டிருப்பார். அளவைச் சொல்வது உள்ளே இருக்கும் அம்மாதான். பாட்டில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லோரும் சற்றுப் பருமனாகத் தெரிகிறார்கள் என்பதால், பார்த்ததில் ஒரு அங்குலம் குறைத்தே சொல்கிறார். சட்டை சரியாக இருக்கிறது.