கண்ணாடி போட்ட நிலா

எங்கள் அப்பாவுக்குப் படம் எடுக்கத் தெரியாது. அம்மாவை அவர் எடுத்ததில் மிஞ்சியது ஒன்றுதான். அதிலும் அவள் தலைக்கு மேலே ஒரு விரல் அகலம்கூட இடம் விடவில்லை. காலுக்குக் கீழே மட்டும் தரையைத் தாராளமாக அள்ளிப் போட்டிருக்கிறார். அம்மா அண்ணனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு தடித்த தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். இருவரும் அண்ணாந்து எதையோ பார்க்கிறார்கள். எதை என்பதுதான் படத்தில் இல்லை.

அண்ணனுக்கு அது நினைவில் இருந்தது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு வானம், நிறைய நட்சத்திரம், நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட நிலா. அதைப் பார்த்து அம்மா சிரித்தாளாம். அம்மாவின் முகம் அவனுக்கு நினைவில்லை, பேச்சும் நினைவில்லை. அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அவனிடம் இருந்தது. எனக்கு அதுவும் கிடையாது. நான் தவழ்வதற்கு முன்பே அவள் இறந்துபோனாள். அது எந்த இடம் என்று அப்பாவைக் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். கடைசிவரை சொல்லாமலே அவரும் போய்ச் சேர்ந்தார்.

"நிலாவுக்குக் கிட்டப்பார்வையா, தூரப்பார்வையா?" என்று சித்தப்பா கேட்கும்போதெல்லாம் வீடே சிரிக்கும். அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வளர்ந்து ஃபால்ஸ் சீலிங் போடும் வேலைக்குப் போனான். நிலாவைத் தேடித்தான் அந்தத் தொழிலுக்கே போனார் என்பாள் அண்ணி. எந்தப் பழைய கட்டடத்தில் வேலை கிடைத்தாலும் முதலில் தலையை நிமிர்த்திப் பார்ப்பான். எங்கேயும் வானம் இல்லை.

சமீபத்தில் ஒருநாள் படத்தைக் கொண்டுவந்து என் தையல் மிஷின் மேல் வைத்தான்.

"நீயே வச்சுக்கோ. சின்ன வயசுல கனவு கினவு கண்டிருப்பேன். அதைப் போய் இத்தனை வருஷம் நம்பிட்டு இருந்திருக்கேன்."

நிலாவோடு அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் அவன் கைகழுவுகிறான் என்பது எனக்குப் புரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவனுக்கும் அம்மா இல்லையென்றால் அப்புறம் யாருக்குத்தான் இருக்கிறாள்?

படத்தை மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். என் தொழிலே மற்றவர் காலடியில் குண்டூசியோடு உட்கார்ந்து துணியின் ஓரம் மடிப்பதுதான். அதனால் என் கண் தரைக்குத்தான் போகும். படத்தில் இருந்த தரையில் கறுப்பும் வெள்ளையுமாக விசிறி விசிறியாகக் கல் பதித்திருந்தார்கள். தூணை ஒட்டி ஒரு விசிறி மட்டும் தலைகீழ். எவனோ கவனமில்லாமல் வேலை பார்த்திருக்கிறான். பிரித்துத் திருப்பித் தைக்கலாமா என்று எனக்குத் தினமும் கை அரிக்கும்.

அந்தத் தலைகீழ் விசிறியைக் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் பார்த்தேன். கால் அளவு சரியா என்று குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தூணைச் சுற்றிப் பலகை அடித்துக் கண்ணாடி ஒட்டியிருந்தார்கள். தரையை மட்டும் யாரும் தொடவில்லை.

போன் செய்ததும் அண்ணன் வந்தான்.

"இந்தக் கடையா? இந்த சீலிங்கே நான் போட்டதுதான்டி."

"போடும்போது மேலே என்ன இருந்துச்சு?"

"பழைய பலகை சீலிங்."

"அதுக்கு மேலே?"

அண்ணன் மெல்ல அண்ணாந்து பார்த்தான். பழையதைப் பிரித்தால் தூசி, இரட்டை வேலை. அதற்குக் கீழேயே புதியதைத் தொங்கவிட்டுவிட்டுப் போவதுதான் அவர்கள் வழக்கம். நாட்கணக்கில் இங்கே நின்று, அதே பலகையில் துளை போட்டுக் கம்பி மாட்டியவன் அவன்தான். அண்ணாந்தே பழகியவன், காலுக்குக் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை.

கடைக்காரம்மா நல்ல மனுஷி. கடைக்கு விடுமுறையான நாளில் காலையில் வந்து திறந்துவிட்டார். "செருப்பு மேல தூசி விழுந்தா நீங்கதான் துடைக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் ஏணி போட்டுத் தன் சீலிங்கில் ஒரு தட்டைக் கழற்றினான். பழைய பலகை ஒன்றை நெம்பி எடுத்தான். ஆனால் தலையை உள்ளே நீட்டாமல் இறங்கிவிட்டான்.

"நீ ஏறிப் பாரு."

"நானா?"

"ஒண்ணும் இல்லேன்னா, இல்லேன்னு சொல்லாதே. பேசாம இறங்கி வா. போய் காபி குடிப்போம்."

என்னையும் பயம் பிடித்துக்கொண்டது. ஏறி, தலையை நுழைத்து, டார்ச்சை அடித்தேன்.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூரை இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. பெரிய கவிந்த கூரை, முழுக்க அடர்ந்த நீலம். ஓரத்தில் உள்ளங்கை அளவு பொன் நட்சத்திரங்கள். உயரப் போகப் போகச் சிறுத்து, உச்சியில் பொடிப்பொடியாக மின்னின. மேல்நோக்கி விழுந்துவிடுவேனோ என்று ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். மூச்சுவிடவும் தயக்கமாக இருந்தது. இத்தனை காலமாக யாரும் பார்க்காமலே இது இப்படியே இருந்திருக்கிறது. இதற்குக் கீழே நாங்கள் செருப்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

டார்ச்சை நகர்த்தினேன். நிலா வந்தது. உப்பிய கன்னம், சப்பை மூக்கு, மூக்கின் மேல் வட்டவட்டமாக இரண்டு பொன் வளையங்கள். கண்ணாடி நிற்க வேண்டுமே என்று நிலாவுக்குக் காதும் வரைந்து வைத்திருந்தான் அந்த ஓவியன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கூரை என் சிரிப்பை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பெரிதாக்கிக் கீழே இறக்கியது.

"இருக்குண்ணா. கண்ணாடியோட இருக்கு. ஏறி வா."

அவன் ஏறவில்லை. குனிந்து பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில், தலைகீழ் விசிறியின் மேல் நின்றிருந்தான்.

"இப்ப சிரிச்சது யாரு?"

"நான்தான். வேற யாரு இருக்கா இங்கே?"

"இன்னொரு தடவை சிரி."

சிரி என்றால் சிரிப்பு வருமா? டார்ச்சைத் திரும்ப நிலாவின் மேல் அடித்தேன். வந்தது. என் சிரிப்பை வாழ்நாள் முழுக்கக் கேட்டவன்தான் அவன். இந்தக் கூரைக்குக் கீழே கேட்டதில்லை.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்து நின்றான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அம்மா சிரிப்புடி இது" என்றான். "அப்படியே அம்மா."

ஏணியில் நின்றபடி என் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.