நான்காவது கிண்ணம்

ஓர் உயிரின் விலை அரை டீ. டஜனாக எடுத்தால் ஒன்று இனாம். மீன்தொட்டிக் கடையில் மூன்று டஜன் நத்தை வாங்கி, இனாம் மூன்றையும் எண்ணிப் போட்டுக்கொண்டு, "காலங்காத்தால முதல் வியாபாரம், பாத்து செய்ங்கண்ணே" என்று இழுத்து இன்னொன்றையும் பிடுங்கினேன். ஆக நாற்பது. துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு படியிறங்கினால் குடும்பத்துக்கே இழுக்கு.

பேரத்துக்கு வளைந்த நாக்கு இருந்தும் எழுத்து மட்டும் கைக்கு வரவில்லை. உயிரியல் இரண்டாம் ஆண்டு. தண்ணீரில் உப்பு ஏற ஏற நத்தையின் நடை எவ்வளவு குறைகிறது என்பது ஆய்வு. நான்கு கிண்ணம், கிண்ணத்துக்குப் பத்து. அறிக்கையை ஆய்வக மேடம் இரண்டு முறை திருப்பிவிட்டார். 'புரியவில்லை' என்று சிவப்பு மையில் ஒரே சொல். மூன்றாவதும் கடைசியுமான தவணை வெள்ளிக்கிழமை. அதிலும் தேறாவிட்டால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாக இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டார்.

சீனியரின் பழைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் ஜரிகை வைத்து எழுதினேன். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன்.

"நான்காம் கிண்ணத்தின் ஒன்பது மாதிரிகள், தவிர்க்க இயலாத சூழலால் கணக்கில் கொள்ளப்படவில்லை."

"ஏன்டி, கோவிச்சுக்கிட்டு வெளிநடப்பு பண்ணிடுச்சா?"

"செத்துப்போச்சு அண்ணி. ஜன்னல் வெயில்ல வெச்சுட்டு நான் கேன்டீனுக்குப் போயிட்டேன்."

"இது புரியுது. இதை எழுதினா பேனா கோவிச்சுக்குமா?"

உட்கார்ந்து எழுதினேன். வாய்விட்டு வாசித்து, நாக்கு இடறிய இடத்தையெல்லாம் அடித்தேன். யார் செய்தது என்று சொல்லாத ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் நான்தான் பதுங்கியிருந்தேன். காதைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். பன்னிரண்டு பக்கம் நான்கானது.

வெள்ளிக்கிழமை மேடம் முதல் பக்கத்தை நின்றபடி படித்தார். மீதியை உட்கார்ந்து படித்தார்.

"யார் எழுதிக் குடுத்தா?"

"நானேதான் மேடம்."

"நல்லா வந்திருக்கு. அந்த நாலாவது கிண்ணத்தை மட்டும் எடுத்துடும்மா. மூணு கிண்ணம், முப்பது நத்தைன்னு போடு. இப்பவே கையெழுத்து போடறேன்."

பேனா மூடியைக் கழற்றிவிட்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. என்னைக் கரையேற்றிவிட்டு வீட்டுக்குப் போகும் அவசரம். அப்பாவின் ஸ்டூல் ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"வாங்கினது நாப்பது மேடம்."

"யார் வந்து எண்ணப் போறா?"

"இத்தனை நாள் எழுத வரல, ஒளிஞ்சுக்கிட்டேன். இப்பதான் வருதே, இனிமே எதுக்கு மேடம்?"

மூடி பேனாவில் ஏறியது. "வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் கிழிச்சுப் போடுவார். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"கிழிக்கட்டும் மேடம். புரிஞ்சு கிழிப்பாரில்ல."

கடைசிப் பக்கத்தின் அடியில் நான்கு விரல் இடம் மிச்சமிருந்தது. அறிக்கையை என் பக்கம் திருப்பி, அவர் மேசை மேலேயே குனிந்து எழுதினேன்.

வாங்கிய நத்தைகள்: 40
உயிரோடு இருப்பவை: 31
வெயிலில் வைத்து நான் கொன்றவை: 9
ஆக மொத்தம்: 40
மேடம் கையெழுத்து: பாக்கி