ஏசி ரூம்

கடைக்காரர் கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற கூலர்கள் இரண்டைக் கண்ணாடி மேசையின் மேல் எடுத்து வைத்துவிட்டு, "எந்த எடத்துல சார் வெக்கப்போறீங்க?" என்று கேட்டார்.

ஜெஸ்டன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்று அலுமினியம். தடித்த தகடுகள், நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, மேலே ஒரு கறுப்பு விசிறி. பார்க்க எந்த அழகும் இல்லை. மற்றது செம்பு. தாளைப்போல மெல்லிய தகடுகள் நூற்றுக்கும் மேல் இருக்கும், நடுவில் பிரித்து வைத்த புத்தகம் மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து நின்றன. கடையின் குழல்விளக்கு வெளிச்சம் அதில் தேன் நிறத்தில் வழிந்தது. காட்பாடியிலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வந்த களைப்பு அதைப் பார்த்ததும் போய்விட்டது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவனுக்கு வேலை. ஷூவின் மேல்பாகத்தை அளவு வாரியாகக் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். சித்திரை பிறந்ததிலிருந்து மதியம் இரண்டு மணியானால் போதும், உள்ளே இருக்கும் பிராசசர் கொதித்து மிஷின் தானாக அணைந்துவிடும். வரைந்ததெல்லாம் போய்விடும். உடன் வந்த விசிறி போதாது, பெரிதாக ஒன்று வாங்கி மாட்ட வேண்டும் என்று மேனேஜர் ஜியாவுல்லாவிடம் சொன்னவன் அவன்தான். "அப்ப நீயே மெட்ராஸ் போய் நல்லதா பாத்து எடுத்துக்கினு வா" என்றார் அவர். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க அவனை நம்பி கம்பெனி அனுப்புவது அதுதான் முதல் தடவை.

கடையில் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் கைக்குட்டையை எடுத்து மூக்கை ஒற்றினாள். அவளுக்கு ஜலதோஷமாக இருந்திருக்கலாம். ஆனால் ஜெஸ்டன் ஓர் அடி தள்ளி நின்றான். ஆம்பூர் வந்ததும் தோல் பதனிடும் நாற்றம் தாங்காமல் ரயில் பெட்டியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்த்து வளர்ந்தவன். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் சட்டையைத் துவைத்துக் காயப்போட்ட பிறகும் முகர்ந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சத்துவாச்சாரியில் அவன் அம்மா இவாஞ்சலின், கோயிலில் யார் கேட்டாலும் மகன் கம்ப்யூட்டர் டிசைனில் இருப்பதாகத்தான் சொல்வாள். எதை டிசைன் செய்கிறான் என்று சொல்லமாட்டாள். அவள் நர்ஸ். அதனால்தானோ என்னவோ, அந்தப் பொய் தேடாமலே அவன் வாயில் வந்தது.

"வேலூர்ல. ஆஸ்பத்திரி ஆபீஸ். ஏசி ரூம்."

"அப்ப தூசி தொல்ல கெடையாது. கண்ண மூடிக்கினு செம்ப எடுத்துக்குங்க. அலுமினியம்லாம் மில்லு, பட்டறைக்குப் போற சரக்கு."

திரும்பும்போது பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியில் அவன் வேலை செய்யும் அறை முதல் மாடியில். அதில் ஏசி இல்லை. நேர் கீழே பஃபிங் செக்‌ஷன், தோலை உப்புத்தாள் உருளையில் தேய்த்து வழவழப்பாக்குகிற இடம். அதிலிருந்து எழும் தூசி கோதுமை மாவைவிட மெல்லியது. மூடிய ஜன்னலுக்குள்ளும் வரும். அந்தத் தூசியில் பதினோரு வருடம் வேலை செய்து இளைப்பு வாங்கிக்கொண்ட அமிர்தவள்ளியை, டாக்டர் சீட்டைப் பார்த்து ஜியாவுல்லா மாடிக்கு மாற்றியிருந்தார். கம்ப்யூட்டர் அறையைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. ஜெஸ்டன் கூலரைப் பொருத்தும்போது, துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்று பார்த்தாள்.

"இன்னா சார் இது, பேன் சீப்பு மாதிரி கீது? இதுல ஒண்ணு பூந்தா வெளிய வராதே."

"இது காப்பர்மா" என்று சிரித்தான் அவன். உனக்கு இதெல்லாம் தெரியாது என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது. அவளும் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் மிஷின் ராஜா மாதிரி ஓடியது. கேபினட்டின் பக்கத் தகட்டை மூடாமலே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். நான்காவது வாரம், ஜெர்மனி ஆர்டருக்கு நாற்பத்தோராம் சைஸ் முடிகிற நேரத்தில் திரை கறுத்தது. மறுநாளும் கறுத்தது. ஜியாவுல்லா மேலே ஏறி வந்தார்.

"இன்னாப்பா பேஜார் இது? அவ்ளோ தூரம் போய் வாங்கினு வந்தது?"

ஜெஸ்டனின் காது சூடானது. கூலர் நல்ல கூலர்தான் என்றான். ரூம்தான் சுத்தமாக இல்லை என்றான். பெயர் எதுவும் சொல்லவில்லை. அந்த அறையைச் சுத்தம் செய்வது ஒரே ஆள் என்பதால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வாசலில் வாளியோடு நின்றிருந்த அமிர்தவள்ளி, "ரெண்டு வேளையும் ஈரத் துணிலதான் சார் தொடைக்கறேன்" என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் காலை அவளைப் பஃபிங்குக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவன் கூலரைக் கழற்றினான். தகடுகளுக்கு நடுவில் இடைவெளியே இல்லை. ஊசியால் நெம்பியபோது தூசி தூசியாக வரவில்லை, ஒரு துண்டாகவே உரிந்து வந்தது. மெத்தென்று, வெளிர் மஞ்சளில். அந்த மாதம் கீழே தேய்த்துக்கொண்டிருந்த தோலின் நிறம் அதுதான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். எவ்வளவு துடைத்தாலும் இது வந்திருக்கும். ஒரு துடைப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தான். செம்புக் கூலரை எப்படிச் சுத்தம் செய்வது என்று மட்டும்தான் கேட்க நினைத்தான்.

"இன்னா தூசி சார் அது?"

பூத்துக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "தோல் தூசி" என்றான்.

"தோல் கம்பெனியா? அன்னிக்கே சொல்லி இருந்தா அலுமினியத்த குடுத்திருப்பேனே. ஆம்பூர், வாணியம்பாடின்னு எத்தினி பேர் வந்து சொல்லி வாங்கினு போறாங்க. இதுல மறைக்க இன்னா சார் கீது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவனைத் தைத்தது. பூத்தின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தான். மறுநாள், அவன் போனிலேயே அனுப்பச் சொல்லியிருந்த அலுமினியக் கூலர் பார்சலில் வந்தது. யாருக்கும் தெரியாமல் மாட்டினான். விசிறி லேசாக உறுமியது, அவ்வளவுதான். ஒரு வாரம் மிஷின் ஒரு தடவைகூட அணையவில்லை. ஜியாவுல்லா வந்து பார்த்துவிட்டு அவன் தோளைத் தட்டினார். "பாத்தியா? ஆள மாத்தினதும் சரியாப் போச்சு."

அவன் வாயைத் திறந்தான். அவர் அதற்குள் படி இறங்கிவிட்டார்.

ஜியாவுல்லாவிடம் காட்டுவதற்காகச் செம்புக் கூலரை, அந்த மஞ்சள் தூசியைத் தட்டாமல், ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். மேனேஜர் அறைக்குப் பஃபிங் செக்‌ஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் வாசலில் தண்ணீர்க் குடத்தருகே அமிர்தவள்ளி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கட்டிய துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. புருவம், இமை, முன்நெற்றி முடி எல்லாம் மாவு பூசியதுபோல மஞ்சளாக இருந்தன. அவன் கிட்டே வருவதைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லு சார். எம் மேல எல்லாம் தூசி. உன் மிசினுக்கு ஆவாது."

சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய், முந்தானையை உதறினாள். பிறகு, "இப்ப ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுது."

"அப்ப தூசி நாந்தான் போலகீது" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விசில்போலச் சத்தமிட, குனிந்து நின்றாள். இருமல் சீக்கிரம் நிற்கவில்லை.

அவள் உதறிய தூசி மதிய வெயிலில் கீழே விழாமல் அப்படியே நின்று, மெதுவாக அவன் பக்கம் நகர்ந்தது. வெள்ளைச் சட்டையின் தோளில், கையில், துணிப்பைக்குள் விட்டிருந்த கையின் மணிக்கட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை. எதிரே மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. ஜியாவுல்லா யாரிடமோ போனில் பேசிக்கொண்டே, வா என்று கையைக் காட்டினார். பைக்குள் செம்புத் தகடுகளின் கூரிய ஓரங்கள் ஜெஸ்டனின் விரல்களில் அழுந்திக்கொண்டிருந்தன.