மருமகளின் நிறம்

அம்மாவோடு பேசிப் பேசியே களைத்துவிட்டேன். தம்பி பானுஜனுக்குக் கல்யாணம். சுவிஸில் திரிம்பாக் ஊர்க் கோயிலில் மேளக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவோ மணப்பெண் அறைக்குள் தலைமுடி நேராக்கும் மெஷினோடு நிற்கிறார்.

"வேணுகா, அவளின்ர தலையை ஒருக்கா நேராக்கச் சொல்லு. பூச்சடை வைக்க வேணுமெல்லோ? சனம் என்ன கதைக்கும்?"

மணப்பெண் க்ளாரிஸ் ஜெனீவாவில் பிறந்த கொங்கோப் பெண். உடைகள் வடிவமைப்பவள். அவளுடைய தாய் முதல்நாள் முழுக்க உட்கார்ந்து, தலையோடு ஒட்டினாற்போல் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னிவிட்டிருந்தார். அதைக் குலைப்பதாம்! போதாததற்கு, அலங்காரம் செய்ய வந்த ஜெனனியின் பெட்டியில் க்ளாரிஸின் நிறத்தில் பூச்சே இல்லை. எங்கள் நிறத்திலும்தான் இல்லை. எந்தப் பெண்ணையும் சுண்ணாம்பு அடித்த சுவராக்கி மணவறைக்கு அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம்.

க்ளாரிஸ் பிரெஞ்சில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லி என் தொண்டை வறண்டது. ஒரு காலத்தில் கறுப்புப் பெண்கள் முடியை மூடவேண்டும் என்று சட்டம் போட்ட ஊர்கள் இருந்தன. மூடச் சொன்ன துணியையே அவர்கள் ராணிகள்போலக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இவளுடைய தாய்க்குச் சட்டம் தேவைப்படவில்லை. வேலை செய்த ஹோட்டலில் 'தலை ஒழுங்காக இருக்கட்டும்' என்றார்கள், அவ்வளவுதான். வருடக்கணக்காக மருந்து போட்டு நேராக்கினார்.

மூலையில் இருந்த அந்தத் தாய் தன் தலைத்துணியை அவிழ்த்துக் காட்டினார். உச்சியில் முடியே இல்லை, வெந்த தழும்புதான். அம்மா மெஷினைக் கீழே வைத்தார். பூவைப் பின்னல்களோடு சேர்த்துத் தைத்தோம். க்ளாரிஸ் அவ்வளவு அழகாக இருந்தாள். "வடிவாத்தான் இருக்கு, ஆனா..." என்று அம்மா அன்று முழுக்க இழுத்ததில் எனக்குத் தலை வலித்தது.

பிறகு ஆல்பம் வந்தது. படம் எடுத்த சுபேசன், யாரையும் கேட்காமல், எல்லாரையும் வெளுத்து வைத்திருந்தான். க்ளாரிஸ் பால்தேநீர் நிறத்தில் இருந்தாள். அவள் ஆல்பத்தை மூடினாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தாய் அதைப் பார்க்க வருகிறார். "விடு அக்கா, படம்தானே" என்ற பானுஜனை அறையலாம்போல் வந்தது.

அம்மா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி சுபேசன், ஜெயகௌரி கதைக்கிறன். என்ர மருமகள் எங்க?"

"அன்ரி, எல்லாருக்கும் செய்யிறதுதானே. வடிவா இருக்கட்டும் எண்டு..."

"கலியாணம் பேசேக்க அனுப்பின என்ர படத்தையும் யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்காரன் இப்பிடித்தான் வெளுத்தவன். நேரில கண்டவுடன மாமி முகத்தைச் சுழிச்சவ. சாகுமட்டும் அந்தச் சுழிப்பு மாறேல்லை. இவளை இவளின்ர நிறத்தில தாரும்."

"சரி அன்ரி, மாத்திறன். உங்களை அப்பிடியே விடட்டோ? நல்ல வெளிச்சமா வந்திருக்கிறியள்."

அம்மா ஆல்பத்தைத் திறந்து தன் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சொல்லுங்கோவன் அம்மா!"

"என்னையும்," என்றார். "என்னையும் என்ர நிறத்திலயே போடும், தம்பி."