வாலைத் தூக்காத வண்டி

டென்சிலைக் கூட்டிக்கொண்டு மலையில் ஓட்டுகிற பழைய நாலு சக்கரக் குவாட் பைக் வாங்கப் போவதும், பசியில் இருப்பவனைக் கறிக்கடைக்கு அனுப்புவதும் ஒன்றுதான். முதலில் கண்ணில் பட்டதைக் காட்டி "இதுதான்" என்பான். என் புருஷன் என்பதற்காக அவனை விட்டுக்கொடுக்காமல் பேச எனக்கு வராது. நான் குனிந்து பார்ப்பேன், ஆட்டிப் பார்ப்பேன், எண்ணெயை மோந்தும் பார்ப்பேன்.

போன வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைப் பாளம் ஒன்று அவன் முதுகில் விழுந்தது. இப்போது முதுகெலும்பை ஒட்டி இரண்டு கம்பிகள் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் இந்தக் கோடையில்தான் சொன்னார். ஆனால் நாலு லிட்டர் பால் கேனைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் கம்பி நகரும், அப்புறம் சக்கர நாற்காலிதான் என்றும் சொன்னார். டென்சில் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

ஆபரேஷன் செலவுக்கு அவனுடைய பழைய வண்டியை விற்றாயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். காலையில் அவன் சிநேகிதன் ஓக்கியும் மற்ற கூட்டாளிகளும் வண்டிகளை உறுமவிட்டுக்கொண்டு எங்கள் பள்ளத்தாக்கு வழியாக மலைக்குப் போவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் டென்சில் டிவியின் ஒலியைக் கூட்டுவான். செத்த மீனுக்குக்கூட அதைவிட நல்ல முகம் இருக்கும். இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் இவன் எனக்கு மிஞ்ச மாட்டான் என்று பயந்தேன்.

இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்காரும் கூண்டு வண்டி வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதை அவன் 'மளிகைக்கடைத் தள்ளுவண்டி' என்றான். உன் பக்கத்தில் பார்சல் மாதிரி உட்கார்ந்து வரமாட்டேன் என்றான். சரி, உனக்குப் பிடித்த பந்தய ரகமே வாங்குவோம், ஆனால் பின்னுக்குப் போக ரிவர்ஸ் கியர் உள்ளதாக வாங்குவோம் என்றேன். ரிவர்ஸ் எதற்கு, அதெல்லாம் வெளியூரிலிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு என்று சிரித்தான்.

இங்கேதான் எங்கள் ஊர் ஆண்களின் கிறுக்குத்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைத் தடங்களில் பல இடங்களில் ஒரு வண்டிதான் போக முடியும். முன்னால் மரம் விழுந்து கிடந்தால் திரும்பித்தான் ஆக வேண்டும். வேகத்துக்கென்றே செய்த வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸ் கிடையாது. அதனால் இறங்கி, பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்து, வண்டியின் வாலைத் தூக்கித் தூக்கி நகர்த்தித் திருப்புவார்கள். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. மூக்கு அரித்தால் சொறிகிற மாதிரி கை தானாகப் போய்விடும். டென்சில் வாலைத் தூக்கித் திருப்புவதை மற்றவர்கள் வாய்பிளந்து பார்த்த காலம் உண்டு. ஒருமுறை நான் உதவிக்குப் போனபோது, "என் வண்டிய என் பொண்டாட்டி தூக்குறதப் பாத்துட்டு நான் நிக்கணுமா?" என்று கேட்டு என்னை நகரச் சொன்னவன் அவன். நான் கால்நடைத் தீவனக் கடையில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவள் என்பதெல்லாம் அவனுக்குக் கணக்கில்லை.

கார்லீன் என்ற பெண் இரண்டு வண்டிகளை விற்கிறாள் என்று கடையில் கேள்விப்பட்டேன். நீல வண்டி அவளுடையது, ரிவர்ஸ் உண்டு. சிவப்பு அவளை விட்டுப் போன புருஷனுடையது, ரிவர்ஸ் கிடையாது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். நாங்கள் வருவதற்குள் எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி வைக்காதே கண்ணு என்று போனிலேயே சொல்லிவிட்டேன். ஆறிய எஞ்சினைக் கிளப்பினால்தான் அதன் நோய் தெரியும். நாங்கள் போய் இறங்கியபோது கார்லீன் பெப்பரோனிக் கறித்துண்டு வைத்துச் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டு நின்றாள். நான் போனதும் இரண்டு எஞ்சின்களிலும் கை வைத்தேன். இரண்டும் ஜில்லென்று இருந்தன. நல்ல பெண் என்று அப்போதே முடிவுகட்டினேன்.

டென்சில் நேராகச் சிவப்புக்குப் போனான். அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தால், எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அவன் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. நான் தரையில் படுத்து அடியில் பார்த்தேன். சிவப்பின் சட்டத்தில் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உடைந்ததைப் பற்றவைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தது. முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிற பல் மாதிரி ஆடியது. நீலத்தின் இருக்கை கிழிந்திருந்தது, பிளாஸ்டிக்கெல்லாம் கீறல். ஆனால் சட்டம் முழுசாக இருந்தது, காற்று வடிகட்டி சுத்தம், சக்கரம் அசையவில்லை. கிளப்பினால் புகை இல்லை. உட்காரும் நிலையும் நிமிர்ந்து வாகாக இருந்தது. நான் தேடிவந்த வண்டி அதுதான், எனக்குத் துளி சந்தேகமில்லை.

"சிவப்பு எப்படி ஓடும்?" என்று டென்சில் கேட்டான்.

"என் வீட்டுக்காரன் மாதிரிதான். முன்னால போறதுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள் கார்லீன்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்துப் பாதை ஓடைவரை இறங்குகிறது. ஒரு பக்கம் கம்பி வேலி, ஒரு பக்கம் மண் சுவர், முடிவில் தண்ணீர். இதைக் கார்லீன் போனிலேயே சொல்லியிருந்தாள். என் திட்டம் எளிமையானது. முதலில் டென்சிலை நீலத்தில் அனுப்புவேன். ஓடைக்கரையில் ரிவர்ஸ் போட்டுச் சொகுசாகத் திரும்பி வருவான், அந்தச் சுகத்தை முதுகே அவனுக்குச் சொல்லிவிடும். பெரிய கெட்டிக்காரி நான். நீலத்துக்குப் பெட்ரோல் ஊற்றக் கார்லீனோடு கொட்டகைக்குள் போனேன், வெளியே சிவப்பு உறுமியது. ஓடிவந்து பார்த்தால் வேலியோரம் அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

வண்டியைத் திருப்புகிறவன் எஞ்சினை நிறுத்தத் தேவையில்லை. கார்லீன் என்னைப் பார்த்தாள். அவளிடம் முதுகைப் பற்றிச் சொன்னேனோ இல்லையோ, இப்போது ஞாபகம் இல்லை. பாதை ஓடையை நோக்கிச் சரிவு, உட்கார்ந்தபடி காலால் உந்திப் பின்னுக்கு வரவும் முடியாது. தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிவிட்டான், கம்பி நகர்ந்துவிட்டது, மண்ணில் முகம் குப்புறக் கிடக்கிறான் என்றுதான் நினைத்தேன். நான்தான் அவனை இங்கே கூட்டிவந்தேன். இந்தச் சந்துப் பாதையைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். என் கெட்டிக்காரத்தனத்தைத் திட்டிக்கொண்டே ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

டென்சில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கையும் தொடைமேல் இருந்தன. திரும்பிப் பார்க்காமலே, நான்தான் என்று தெரிந்துகொண்டான்.

"இறங்கிப் போயி கம்பியப் புடிச்சிட்டேன், வெல்டா."

"தூக்குனியா?"

"கை தானாப் போயிருச்சு. குனிஞ்சு புடிச்சப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு. விட்டுட்டு வந்து உக்காந்துட்டேன்." ஓடைப் பக்கம் கையைக் காட்டினான். "இங்க யாரும் இல்ல. தூக்கியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கவும் செய்யாது. அதத்தான் யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

இந்த மனுஷன்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த இடத்தில் நின்றபோது தெரிந்ததுபோல் கல்யாணத்தன்றுகூடத் தெரியவில்லை.

"இறங்குடா" என்றேன்.

இறங்கினான். எங்கே நிற்பது என்று தெரியாமல் இரண்டடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தான். நான் பின்பக்கக் கம்பியைப் பிடித்து, முட்டியை மடக்கி, மூட்டை தூக்குகிற மாதிரியே தூக்கினேன். வால் ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி தூக்கினேன். அவன் கை இரண்டும் தானாக முன்னால் வந்ததைப் பார்த்தேன். அவனே அவற்றை இழுத்துப் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டான்.

அப்போதுதான் சந்துப் பாதையின் மேல்முனையில், கழன்ற என் செருப்பைக் கையில் பிடித்தபடி கார்லீன் நிற்பதைக் கண்டேன். டென்சிலும் கண்டான். காது இரண்டும் சிவந்துவிட்டன. அவன் வண்டியை அவன் பெண்டாட்டி தூக்குகிறாள், ஒரு ஊரான் பெண் அதை நின்று பார்க்கிறாள். இப்போது கை வெளியே வந்துவிடும், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பைக்குள் விரல்கள் முஷ்டியாக மடங்குவது துணி வழியாகத் தெரிந்தது. ஆனால் கை வெளியே வரவில்லை. கூரைப் பாளத்தைத் தாங்கியதைவிட அவனுக்கு இதுதான் கனமாக இருந்திருக்கும். நான் வாலைத் தூக்கித் தூக்கி வண்டி முழுசாகத் திரும்பி மேட்டைப் பார்த்து நிற்கும்வரை அவன் அப்படியே நின்றான்.

நான்தான் வண்டியை ஓட்டி மேலே கொண்டுவந்தேன். அவன் பின்னால் நடந்து வந்தான். கார்லீன் செருப்பைக் கொடுத்துவிட்டு, ஒன்றையும் பார்க்காதவள்போல் நீலத்துக்குப் பெட்ரோல் ஊற்றப் போனாள். சொன்னேனே, நல்ல பெண்.

டென்சில் சிவப்பின் பக்கம் போகவில்லை. நீலத்தை ஒரு சுற்று சுற்றி வந்தான். கிழிந்த இருக்கையைத் தட்டினான், கீறலைத் தடவினான், தானே கண்டுபிடித்தவன்போல் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கார்லீனிடம் திரும்பினான்.

"இதுல ரிவர்ஸ் நல்லா வேலை செய்யுமாம்மா? எனக்குன்னு கேக்கல. வெல்டாவும் சில நேரம் ஓட்டுவா. அவளுக்கு வண்டி திருப்ப வராது."

கார்லீன் என் பக்கம் பார்த்தாள். என் உள்ளங்கை இரண்டிலும் சிவப்பு வண்டியின் கம்பித் தடம் அப்படியே பதிந்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆமா கண்ணு, எனக்கு அது சுத்தமா வராது" என்றேன்.